கடைவாய்ப் புண்: வைட்டமின் மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

மருந்துக் கடையில் போய் "வாயோரம் வெடித்திருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் உங்கள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். கை தானாகப் பி காம்ப்ளெக்ஸ் இருக்கும் தட்டுக்குப் போகும். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் "உடம்புச் சூடு" என்பார்கள், நெய் தடவச் சொல்வார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் யாருக்கு, எதனால் வந்தது என்று விசாரிக்காமலே சொல்லப்படும் பதில்கள் இவை. அதனால்தான் சிலருக்கு ஒரு வாரத்தில் ஆறிவிடும் இந்தப் புண், வேறு சிலருக்கு ஆறுவதும் வெடிப்பதுமாக மாதக்கணக்கில் இழுக்கிறது.

பல்செட் போட்டிருக்கும் எழுபது வயதுப் பாட்டி, உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும் ஆறு வயதுப் பையன், மாதவிடாயில் அதிகம் இரத்தம் போகும் கல்லூரி மாணவி: மூவருக்கும் ஒரே இடத்தில், பார்வைக்கு ஒரே மாதிரியான புண் வரலாம். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. கடைவாய்ப் புண்ணைத் தனி நோய் என்று கொள்வதைவிட, பல கோளாறுகள் வந்து வெளிப்படும் ஓர் இடம் என்று கொள்வதே சரி. முதலில் வாயைப் பார்க்க வேண்டும், அடுத்து இரத்தத்தை. மாத்திரையின் முறை அதற்குப் பிறகுதான். நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாகிப் போனதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. அது குன்னூரில் தொடங்குகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த மூலையில் நடப்பது

மேலுதடும் கீழுதடும் சேரும் மூலை, கதவின் கீல்போல, ஒரு நாளில் எத்தனை முறை விரிந்து சுருங்குகிறது என்பதற்குக் கணக்கில்லை. பேச்சு, மெல்லுதல், கொட்டாவி, சிரிப்பு எல்லாம் அங்கேதான் இழுக்கின்றன. உள்ளே எப்போதும் ஈரமாக இருக்கும் மென்சவ்வு. வெளியே உலர்ந்திருக்க வேண்டிய தோல். இரண்டும் சந்திக்கும் எல்லை அது. வாய்க்குள் இருக்கும்வரை உமிழ்நீர் நண்பன். எல்லை தாண்டி வெளித்தோலில் தேங்க ஆரம்பித்தால் அங்கே அது வேறு விதமாக வேலை செய்கிறது. தோல் ஊறி, வெளுத்து, மெலிகிறது. உணவைச் செரிக்க இருக்கும் நொதிகள் தோலையும் அரிக்கின்றன. பிறகு அந்த ஈரம் ஆவியாகும்போது, தோலில் இயல்பாக இருந்த ஈரப்பசையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. ஊறிய தோல் உலர்ந்தால் வெடிக்கும். வெடித்த இடம் காய்ந்து இழுப்பதுபோல் தோன்றும். உடனே நாக்கு அங்கே போகும். நக்கினால் ஒரு நிமிடம் இதமாக இருக்கும், பத்து நிமிடத்தில் முன்பைவிட மோசமாகக் காயும். புண்ணை ஆறவிடாமல் வைத்திருப்பதில் இந்தச் சுழற்சிக்குத்தான் முதல் பங்கு.

அறிகுறிகளை விவரிக்கத் தேவையில்லை, வந்தவர்களுக்குத் தெரியும்: ஊறுகாய் பட்டால் எரிச்சல், பெரிய கவளம் எடுக்க வாயைத் திறக்க முடியாமை, காலையில் பொருக்கு, கொட்டாவி விட்டால் இரத்தம். பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும். மருத்துவப் புத்தகப் படங்களில் பளிச்சென்று சிவந்திருக்கும். அந்தப் படங்கள் வெள்ளைத் தோலுக்கு எடுக்கப்பட்டவை. நம் தோலில் அது கரும்பழுப்பாகவோ சாம்பல் படிந்ததுபோலவோ தெரியும். புண் ஆறிய பிறகும் அந்த இடம் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள், கருத்தே இருக்கும். அது நோயின் மிச்சம் அல்ல, நிறத்தின் மிச்சம். அதைப் போக்குவதற்காக மறுபடியும் களிம்பு தடவிக்கொண்டிருப்பது வீண்.

வெடித்த தோலில் கிருமிகள் குடியேறுவது இரண்டாம் கட்டம். கேண்டிடா என்ற பூஞ்சை நலமாக இருக்கிற பலருடைய வாயிலும் சத்தமில்லாமல் வாழ்கிறது. ஈரமும் மடிப்பும் கிடைத்தால் பெருகும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பலருடைய மூக்கில் இருக்கும். மூக்கை நோண்டிய விரல் வாயோரத்தைத் தொட்டால் போதும். தேன் நிறத்தில் மஞ்சள் பொருக்கு கட்டினால் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். பல புண்களில் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் ஒன்றுக்கு மட்டும் மருந்து போட்டால் பாதி ஆறி நின்றுவிடுகிறது.

குழந்தைகளிடம் விரல் சூப்புவது, உதட்டை நக்குவது, தூக்கத்தில் எச்சில் வடிவது ஆகியவையே பெரும்பாலும் காரணம். பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் வரும். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கம் எச்சில் வழிகிறவர்களுக்கு அந்தப் பக்கம் மட்டும் வெடிக்கும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிற இளைஞர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் உதடு காயும்; பலருக்கு மூலையும் வெடிக்கும். அவர்களுக்குப் பி காம்ப்ளெக்ஸ் கொடுத்துப் பயனில்லை, உதட்டுக்கு மெழுகுப் பூச்சுதான் வேண்டும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறவர்கள், இழுத்த பிறகு வாயைக் கொப்பளிக்காவிட்டால் பூஞ்சைக்கு வாயில் இடம் கொடுக்கிறார்கள்.

ஒவ்வாமை தனிக் கதை. லிப்ஸ்டிக், உதட்டுத் தைலம், புதினா அல்லது இலவங்கப்பட்டை மணமூட்டிய பற்பசை போன்றவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பற்பசையை மாற்றிய சில நாள்களில் வாயோரம் அரித்து வெடித்தால் பழையதற்குத் திரும்பிப் பாருங்கள், செலவில்லாத சோதனை. மே, ஜூன் மாதங்களில் மாம்பழமும் இந்தப் பட்டியலில் சேர்கிறது. காம்பில் வடியும் பாலும் தோலும் பட்டு வாயைச் சுற்றி வெந்துபோகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம். முந்திரிக் கொட்டையின் ஓட்டில் இருக்கும் சுடுகிற எண்ணெய்க்கு உறவான பொருள்கள்தான் மாம்பழத் தோலிலும் இருக்கின்றன. "மாம்பழம் சூடு" என்று பாட்டி சொன்னதில் கவனிப்பு சரி, விளக்கம் வேறு. தோலைச் சீவிவிட்டுத் துண்டு போட்டுச் சாப்பிட்டால் பலருக்குத் தொல்லை வருவதில்லை.

பல்செட் போட்டவர்கள்

வயதானவர்களுக்கு வரும் கடைவாய்ப் புண்ணைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

பற்கள் போனால் தாடை மூடும்போது இயல்பைவிட அதிகமாக மேலேறுகிறது. மூக்குக்கும் தாடைக்கும் இடையே உள்ள உயரம் குறைகிறது. உதட்டின் மூலைகள் கீழ்நோக்கித் தொங்கி, இரண்டு பக்கமும் ஆழமான மடிப்பு விழுகிறது. அந்த மடிப்பு வழியே உமிழ்நீர் ஓயாமல் கசியும். பல்செட் கட்டினால் அந்த உயரம் மீண்டும் கிடைக்க வேண்டும்; புதிதில் கிடைக்கிறது. ஆனால் பல் இல்லாத தாடை எலும்பு வருடா வருடம் கரைந்துகொண்டே போகிறது, செட்டின் கடிக்கும் பரப்பும் தேய்கிறது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் செய்த செட்டை இன்றும் போட்டுக்கொண்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்கிறவர்கள் நம் வீடுகளில் ஏராளம். மெல்ல முடிகிறது என்பது உண்மைதான். உயரம் போய்விட்டது என்பதை வாயோரத்து மடிப்பு சொல்லும்.

அடுத்தது, செட்டுக்கு அடியில் நடப்பது. மேல் செட்டைக் கழற்றிவிட்டு அண்ணத்தைக் கண்ணாடியிலோ டார்ச் வெளிச்சத்திலோ பாருங்கள். செட்டு உட்காரும் அளவுக்குச் சரியாக எல்லை போட்டதுபோல் சிவந்திருந்தால், அங்கே பூஞ்சை குடியிருக்கிறது. பெரும்பாலும் வலிக்காது, அதனால் பல வருடம் யாருக்கும் தெரியாமலே இருக்கும். செட்டு செய்யும் அக்ரிலிக்கின் நுண்துளைகளில் பூஞ்சை படிந்து, அங்கிருந்து கடைவாய்க்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. வெளியே எத்தனை குழாய் களிம்பு தடவினாலும் உள்ளே ஊற்று வற்றவில்லை என்றால் புண் திரும்பி வரும். அண்ணத்துக்கும் மருந்து வேண்டும், செட்டையும் சுத்தம் செய்ய வேண்டும்.

சுத்தம் செய்வது எளிது. செய்வதில்லை என்பதுதான் சிக்கல். இரவில் கழற்றி வைக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் முன்னால், சில சமயம் மனைவி முன்னால்கூட, பொக்கை வாயோடு இருக்கக் கூச்சப்பட்டுப் போட்டபடியே தூங்குகிறவர்கள் பலர். இதைக் கேலி செய்யாமல் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சில மணி நேரம் அண்ணத்துக்குக் காற்றும் உமிழ்நீரும் படாவிட்டால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். கழற்றிய செட்டை மென்மையான பிரஷ்ஷும் சாதாரண சோப்பும் கொண்டு தேய்த்து, ஒரு கிண்ணம் சுத்தமான தண்ணீரில் போட்டு வைக்கலாம். பற்பசை வேண்டாம், அதிலுள்ள சொரசொரப்பு அக்ரிலிக்கில் கீறல் போடும், கீறலில் பூஞ்சை ஒளியும். கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம், செட்டு வளைந்துவிடும். உலோகக் கம்பி இல்லாத செட்டாக இருந்தால், நீர்த்த பிளீச் கரைசலில் ஊறவைக்கும் முறையைப் பல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பழைய செட்டை மாற்றி உயரத்தைச் சரிசெய்வது செலவுதான். ஆனால் வருடக்கணக்கில் வாயோரம் வெடித்துக்கொண்டிருக்கும் முதியவருக்கு நிலையான தீர்வு பல நேரங்களில் பல் மருத்துவரின் நாற்காலியில்தான் இருக்கிறது, மருந்துக் கடையில் இல்லை.

இதோடு சர்க்கரை நோயும் சேர்ந்தால் நிலைமை இரட்டிப்பாகிறது. உமிழ்நீரில் சர்க்கரை கூடுகிறது, வாய் காய்கிறது, பூஞ்சையை எதிர்க்கும் ஆற்றல் குறைகிறது. அடிக்கடி கடைவாய்ப் புண் வருகிற ஒருவருக்கு அதுவரை சர்க்கரை பரிசோதனையே செய்ததில்லை என்றால், செய்துவிடுவது நல்லது.

குன்னூரிலிருந்து வந்த பதில்

இனி வைட்டமின். கடைவாய்ப் புண் என்றதும் தென்னிந்தியாவில் பி வைட்டமின் நினைவுக்கு வருவது தற்செயல் அல்ல. 1918இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து 1928இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாயிற்று. 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயர் பெற்றது. மெக்காரிசனுக்குப் பின் 1935இல் இயக்குநராக வந்தவர் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு. அவரும் பி. ஜி. கிருஷ்ணனும் 1936இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதிய கட்டுரை, வாய்ப்புண்ணுக்கு வைட்டமின் பி2 குறைபாடே காரணம் என்று தலைப்பிலேயே சொன்னது. தென்னிந்திய ஏழைப் பிள்ளைகளிடம் வாயோர வெடிப்பு அப்போது அவ்வளவு பரவலாக இருந்தது. தீட்டிய அரிசிச் சோறு, பெயருக்குக் கொஞ்சம் பருப்பு, காய்கறி குறைவு, பால் கிட்டத்தட்ட இல்லை. அன்றைய தட்டு இதுதான். கொழுப்பு நீக்கிய பாலை இந்த உணவோடு சேர்த்துக் கொடுத்தபோது பிள்ளைகளின் உயரமும் எடையும் கூடியதையும் அதே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து அமெரிக்காவில் செப்ரெல், பட்லர் என்ற இருவர், 18 பெண்களுக்கு ரிபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின், மிகக் குறைந்த உணவை மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார்கள். 10 பேருக்கு வாயோரம் வெடித்தது, உதடு சிவந்தது. நிக்கோட்டினிக் அமிலத்துக்கு (இது பி3 வைட்டமின்) ஆறாத அந்தப் புண், ரிபோஃப்ளேவின் கொடுத்ததும் ஆறியது. மனிதர்களை வேண்டுமென்றே சத்துக்குறைவுக்கு ஆளாக்கிய இப்படிப்பட்ட ஆய்வுக்கு இன்றைய நெறிமுறைக் குழு அனுமதி தருமா என்பது சந்தேகம்தான். ஆனால் அறிவியலாக அது கேள்வியை முடித்து வைத்தது: ரிபோஃப்ளேவின் குறைந்தால் கடைவாய் வெடிக்கும்.

இங்கேதான் ஒரு சறுக்கல். "ரிபோஃப்ளேவின் குறைந்தால் வெடிக்கும்" என்பது "வெடித்தால் ரிபோஃப்ளேவின் குறைவு" என்று மாறிப்போயிற்று. முதல் வாக்கியத்துக்குச் சான்று இருக்கிறது. இரண்டாவது, அரைவயிற்றுச் சோறு உண்ட 1930களின் பிள்ளைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியாக இருந்தது. பல்செட் போட்ட இன்றைய ஓய்வூதியருக்கு அது பொருந்துவது அரிது.

பெரும்பாலும் சோறு மட்டுமே உண்கிறவர்களிடம் ரிபோஃப்ளேவின் குறைவு இன்றும் இருக்கத்தான் செய்கிறது. தீட்டிய அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 0.05 மில்லிகிராம்தான் இருக்கும். ஒரு நாளில் 400 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிட்டாலும் 0.2 மில்லிகிராமைத் தாண்டாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, உடல் உழைப்பு குறைந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் வேண்டும் என்கிறது. 200 மில்லி பாலில் 0.35 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும், ஒரு முட்டையில் ஏறக்குறைய 0.2. ஆட்டு ஈரல் 100 கிராம் சாப்பிட்டால் அன்றைய கணக்கு தீர்ந்துவிடும். முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு வகைகள் அரிசியைவிடப் பல மடங்கு மேல். தயிர், மோர் குடிக்கிற வீட்டில் இந்தக் குறை அவ்வளவு எளிதில் வராது. டீயில் விடும் இரண்டு ஸ்பூன் பாலைப் பால் கணக்கில் சேர்க்க முடியாது. ரிபோஃப்ளேவின் சூட்டைத் தாங்கும், வெளிச்சத்தைத் தாங்காது. கண்ணாடிப் பாட்டிலில் பாலை வெயிலில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் பாதிக்கும் மேல் போய்விடும்.

பி காம்ப்ளெக்ஸ் என்று கூட்டாகக் கொடுப்பதில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பி6 வைட்டமின் உடலில் செயல்படும் வடிவத்துக்கு மாற ரிபோஃப்ளேவின் உதவி வேண்டும். இரும்பை உடல் கையாளுவதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. பி6 குறைந்தாலும், பி12 குறைந்தாலும், ஃபோலிக் அமிலம், துத்தநாகம் குறைந்தாலும் வாயோரம் வெடிக்கலாம். சத்துக்குறைவுகள் தனித்தனியாக வருவது அரிது; வறுமை எல்லாவற்றையும் சேர்த்தே குறைக்கும். ஆகவே ஒரு வாரம், இரண்டு வாரம் மாத்திரை போட்டுப் பார்ப்பதில் கெடுதல் இல்லை. சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம், அது ரிபோஃப்ளேவினின் நிறம். தேவைக்கு மிஞ்சியதை உடல் சேமித்து வைக்காமல் வெளியேற்றுகிறது. ஆனால் ஒரு மாதம் போட்டும் ஆறவில்லை என்றால், அதே மாத்திரையை இன்னொரு மாதம் போடுவதில் அர்த்தமில்லை.

இரும்பு

இன்றைய இந்தியாவில் கடைவாய்ப் புண்ணுக்குப் பின்னால் இரத்தத்தில் தேட வேண்டிய முதல் குறை எது என்று கேட்டால், நான் இரும்பைத்தான் சொல்வேன். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதில் பெரும் பங்கு இரும்புக் குறைவு. இரும்பு குறைந்தால் வாயின் உள்தோல் மெலிகிறது, புதுப்பித்துக்கொள்ளும் வேகம் குறைகிறது, பூஞ்சையை எதிர்க்கும் வலுவும் போகிறது. கண் இமையின் உள்பக்கம் வெளிறியிருப்பது, நாக்கு வழவழப்பாகி எரிவது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, நகம் குழிந்து போவது, அரிசியையோ மண்ணையோ தின்னத் தோன்றுவது ஆகியவற்றில் ஓரிரண்டு இருந்தாலும் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு இரும்பு வற்றியிருக்கலாம்.

இரும்பு மாத்திரையைப் பாலோடும் டீயோடும் விழுங்குவது நம் வழக்கம். இரண்டுமே இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் உதவும். பெண்களுக்கு மாதவிடாய்ப் போக்கு அதிகமா என்று கேட்காமல் இரும்பு மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது. ஐம்பது வயதைக் கடந்த ஆணுக்கு இரும்பு குறைந்தால் அதைச் சாதாரணமாக விட்டுவிடவே கூடாது. வயிற்றிலோ குடலிலோ எங்கே இரத்தம் கசிகிறது என்று தேட வேண்டும். இரும்புக் குறைவோடு கடைவாய்ப் புண்ணும், விழுங்கும்போது தொண்டையில் அடைப்பதுபோன்ற உணர்வும் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பெண்களிடம் அதிகம் காணப்படும் இந்தக் கூட்டு அறிகுறிக்குத் தனிப் பெயரும் தனிக் கண்காணிப்பும் உண்டு.

சுத்த சைவர்களுக்கும், சர்க்கரைக்காகப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறையலாம். அவர்களுக்குக் கடைவாய்ப் புண்ணோடு கால் மரத்துப்போவதும் இருந்தால், எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் போடாமல் பி12 அளவைப் பார்த்துவிட வேண்டும்.

என்ன தடவுவது

புதிதாக வந்த லேசான வெடிப்புக்கு உமிழ்நீரையும் தோலையும் பிரிப்பதே பாதி சிகிச்சை. பெட்ரோலியம் ஜெல்லியோ துத்தநாக ஆக்சைடு களிம்போ மெல்லிசாக, படுக்கப் போகும் முன்பும் சாப்பிடும் முன்பும் தடவலாம். பாட்டியின் நெய்யும் வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் இதே வேலையைத்தான் செய்கின்றன: ஈரத்துக்குத் தடுப்பு. அதற்கு மேல் மருத்துவக் குணம் தேட வேண்டியதில்லை, அதற்குக் கீழாகவும் மதிக்க வேண்டியதில்லை. தேன் தடவினால் நாக்கு சும்மா இருக்காது, குழந்தைகளுக்குச் சொல்லவே வேண்டாம். எலுமிச்சை, கல்லுப்பு, பற்பசை, சுண்ணாம்பு ஆகியவை வெடித்த தோலை மேலும் வேகவைக்கும். மணத்தக்காளிக் கீரையைத் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடுங்கள், ஆனால் அது செட்டில் ஒட்டிய பூஞ்சையைக் கொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

சில நாள்களில் ஆறாவிட்டால் பூஞ்சைக்கான மருந்து. கிளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் களிம்பை மருத்துவர்கள் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம் தடவச் சொல்வார்கள். மைக்கோனசோலுக்குச் சில பாக்டீரியாக்களின் மீதும் தாக்கம் உண்டு, அதனால் இரண்டும் கலந்த புண்ணில் அது வசதி. மஞ்சள் பொருக்கு கட்டியிருந்தால் பாக்டீரியாவுக்கான களிம்பு: ஃபியூசிடிக் அமிலம் அல்லது முபிரோசின். இதய வால்வு மாற்றியவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மைக்கோனசோலை, குறிப்பாக வாய்க்குள் தடவும் ஜெல்லை, மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. வாயில் தடவிய அளவே வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டி இரத்தக்கசிவு வரை கொண்டுபோகும்.

நம் மருந்துக் கடைகளில் இன்னொரு ஆபத்து எளிதாகக் கிடைக்கிறது. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, இவற்றோடு குளோபெட்டசோல் போன்ற வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என்று மூன்று நான்கு மருந்தைக் கலந்த களிம்புகள். தடவிய இரண்டாம் நாளே எரிச்சல் அடங்கும், சிவப்பு மறையும், "அருமையான மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் பரிந்துரை போகும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பும். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கியதே தவிர பூஞ்சையை அடக்கவில்லை, அதற்குச் சாதகமாகத்தான் வேலை செய்தது. முகத் தோல் மெல்லியது. தொடர்ந்து தடவினால் அது இன்னும் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, வாயைச் சுற்றிப் பருபோல் பொரியும். படர்தாமரை இந்தியாவில் இவ்வளவு அடங்காமல் போனதற்கு இந்தக் கலப்புக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லேசான ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாள் சேர்த்துக் கொடுக்க மருத்துவருக்குக் காரணம் இருக்கலாம். கடைக்காரர் எடுத்து நீட்டும் குழாயில் அந்தக் காரணம் இருக்காது. குழாயின் மேல் எழுதியிருக்கும் மருந்துப் பெயர்களைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

நக்கும் பழக்கமுள்ள பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. உதடு காயாமல் பார்த்துக்கொண்டால் நக்க வேண்டிய தேவை தானாகக் குறையும். புண் உள்ளவரின் துண்டையும் டம்ளரையும் மற்றவர்கள் பயன்படுத்தாமல் இருப்பது, பாக்டீரியா சம்பந்தப்பட்டிருந்தால், உண்மையிலேயே உதவும்.

வேறு நோய் என்று எப்போது சந்தேகிப்பது

ஒரு பக்கம் மட்டும், சுருக்சுருக்கென்று ஊசி குத்துவதுபோல் ஆரம்பித்து, கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து உடைந்தால் அது பெரும்பாலும் அக்கி வகையைச் சேர்ந்த ஹெர்பிஸ் வைரஸ். அதற்கு வைரஸ் மருந்தைத் தொடக்கத்திலேயே தடவினால்தான் பலன். கன்னத்தின் உள்பக்கமும் நாக்கிலும் வரும் வட்டமான வாய்ப்புண் வேறு வகை. அதற்கும் கடைவாய் வெடிப்புக்கும் ஒரே மருந்து போடக்கூடாது.

வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களும் புகைப்பவர்களும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். கடைவாயை ஒட்டி உள்பக்கம், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் அது பூஞ்சையோடு சேர்ந்த, பின்னால் புற்றாக மாறக்கூடிய மாற்றமாக இருக்கலாம். வாய் முன்போல் திறக்கவில்லை, மூன்று விரலை நிறுத்தி நுழைக்க முடியவில்லை, காரமே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பாக்கினால் வரும் நார்க்கட்டு நோயைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே கடைவாய் வெடிப்பது, விரியாத வாயை வலிந்து திறப்பதால். ஒரு பக்கம் மட்டும் இருந்து, அடியில் கெட்டியாகத் தடவுப்பட்டு, மூன்று வாரம் கடந்தும் ஆறாத எந்தப் புண்ணையும் சதை எடுத்துப் பரிசோதிக்காமல் விடக்கூடாது. எச்.ஐ.வி. தொற்றிலும், குடல் அழற்சி நோய்கள் சிலவற்றிலும் கடைவாய்ப் புண் முதல் அறிகுறிகளில் ஒன்றாக வருவதுண்டு. உடல் எடை குறைவதோ நீண்டநாள் வயிற்றுப்போக்கோ கூடவே இருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பல்செட் போட்டவர் முதலில் பல் மருத்துவரிடமும், மற்றவர்கள் பொது மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ போகலாம். போகும்போது செட்டைப் போட்டபடியே போங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளையும், அதுவரை தடவிய களிம்புக் குழாய்களையும், தீர்ந்துபோனதாக இருந்தாலும், கையோடு கொண்டுபோங்கள். தடவியதில் ஸ்டீராய்டு இருந்ததா என்பது மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டிய செய்தி. அது தெரியாமல் அவர் பார்க்கும் புண், புண்ணின் உண்மையான உருவமாக இருக்காது.